ஒன்பதாம் வசனம் வரை கூட்டிச்சென்றவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

சாட்சி சொல்லும்படி போதகர் இரண்டு முறை அழைத்தும் நான் எழுந்திருக்கவில்லை. நன்றி கெட்டவன் என்று யாராவது நினைத்திருந்தால் அவர்மேல் குற்றமில்லை. எழுந்து நின்றால் பாதியில் குரல் உடைந்துவிடும். பிறகு எல்லோருக்கும் என் அழுகைதான் நினைவிலிருக்கும். யார் என்ன செய்தார்கள் என்பது சொல்லாமலே போய்விடும். ஆகவே இந்த மடல்.

ஏறக்குறைய ஒன்றரை வருடம் எனக்கு இரட்சிப்பின் நிச்சயம், நான் இரட்சிக்கப்பட்டவன்தான் என்கிற உறுதி, இல்லாமல் போயிற்று. உங்களில் பலருக்கு இது இப்போதுதான் தெரியவரும். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளைகள் மனப்பாட வசனம் ஒப்பிக்கும்போது தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். உள்ளே மட்டும், இவையெல்லாம் வேறு யாருக்கோ எழுதப்பட்டவை என்ற எண்ணம் அசையாமல் கிடந்தது.

தொடங்கியது ஒரு கூட்டத்தில். பேசியவர் யார் என்பது இங்கே வேண்டாம். மெய்யாகவே மறுபடியும் பிறந்தவனுக்குச் சந்தேகம் வராது, வந்தால் அவன் இன்னும் பிறக்கவில்லை என்றார். எனக்குச் சந்தேகம் இருந்தது. மீதியை நானே கூட்டிக் கழித்துக்கொண்டேன். அன்றிரவு வேதத்தைத் திறந்தவன் ஆறுதலான ஒரு சங்கீதத்துக்குப் போயிருக்கலாம். எபிரெயர் 6-ஆம் அதிகாரத்துக்குப் போனேன். ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டு, பரம ஈவை ருசிபார்த்து, பின்பு மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிப்பது "கூடாதகாரியம்" என்று வாசித்து அங்கேயே நின்றுவிட்டேன். மாதக்கணக்கில் அந்த ஆறாம் வசனத்தை நான் தாண்டவே இல்லை. அங்கிருந்து நேரே 12-ஆம் அதிகாரத்துக்குத் தாவி, ஆசீர்வாதத்தை இழந்தபின் கண்ணீர்விட்டுத் தேடியும் மனம் மாறுதலைக் காணாமற்போன ஏசாவைப் பார்ப்பேன். திரும்பவும் ஆறாம் அதிகாரம். வேதம் வாசிக்காதவனுக்கு வந்த நோயல்ல இது. வாசித்து வாசித்தே வளர்த்துக்கொண்டது.

மூப்பர் ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டீர்கள். அடுத்து புத்திமதி வரும் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒன்பதாம் வசனம் வரை போனீரா, தம்பி?" என்று மட்டும் கேட்டீர்கள். போகவில்லை. என்னையே சத்தமாக வாசிக்கச் சொன்னீர்கள். "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்." மூன்றே வசனம் தள்ளி, அதே பக்கத்தில் இருந்தது. எச்சரித்தவரே எச்சரிப்பின் முடிவில் தோளில் கை வைக்கிறார். நானோ அவர் வாய் மூடுவதற்குள் எழுந்து ஓடியிருக்கிறேன்.

அதோடு விட்டீர்களா? 1 யோவான் 5:13-ஐத் திருப்பினீர்கள். தேவகுமாரனுடைய நாமத்தின்மேல் விசுவாசமாயிருக்கிறவர்களுக்கு, தங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று அவர்கள் அறியும்படி எழுதுகிறேன் என்கிறார் யோவான். "விசுவாசிக்குச் சந்தேகமே வராதென்றால் இந்தக் கடிதத்தை அவர் யாருக்காக எழுதினார்?" என்று கேட்டீர்கள். அந்தக் கூட்டத்தின் பிரசங்கம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் எனக்குள் சரிந்தது.

இன்னொன்றும் செய்தீர்கள், அது அப்போது எனக்குப் பிடிக்கவில்லை. நான் பர்ஸில் வைத்திருந்த, ஒரு வசனம் மட்டும் எழுதிய வாக்குத்தத்த அட்டையை எடுத்துப் பார்த்தீர்கள். எரேமியா 29:11. சமாதானத்துக்கேதுவான நினைவுகள், எதிர்பார்த்திருக்கும் முடிவு. "இது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது, தலைப்பிலிருந்து வாசியும்" என்றீர்கள். வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று தொடங்குகிறது. என் அட்டைக்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. அதை முதலில் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பும் நாளைக் கண்டிருக்க மாட்டார்கள். அடுத்த வாரத்துக்கான வாக்காக நான் சுமந்து திரிந்தது, தலைமுறை தாண்டிய வாக்கு. அட்டை சிறிதாகிவிட்டதே என்று வருத்தமாக இருந்தது. பிறகுதான், 70 வருஷத்தைத் தாங்கிய வார்த்தை என் ஒன்றரை வருடத்தைத் தாங்காதா என்று தோன்றியது. வனாந்தரத்தில் ஆண்டவரைச் சோதித்த பிசாசும் வசனம்தான் சொன்னான், 91-ஆம் சங்கீதத்திலிருந்து. ஆண்டவர் மூன்று தடவையும் உபாகமத்திலிருந்து பதில் சொன்னார். வசனத்தை வெட்டி எடுப்பதில் எனக்கு முன்னோடி யார் என்று பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அடுத்து, பெண்கள் ஐக்கியத்தில் எல்லோரும் அம்மா என்று அழைக்கும் உங்களுக்கு. உங்கள் வேதாகமத்தை ஒரு வாரம் என்னிடம் கொடுத்து வைத்தீர்கள். முதுகில் ஒட்டுத் துணி, ரோமர் நிருபம் தொடங்கும் இடத்தில் இரண்டு தாள்கள் கழன்று நூலில் தொங்குகின்றன. எட்டாம் அதிகாரத்தின் கடைசி வசனங்களுக்கு அருகே பென்சிலால் சிறுசிறு தேதிகள்; எண்ணினேன், பதினொன்று. மரணமானாலும், ஜீவனானாலும் என்கிற வரிக்கு எதிரே இருந்த தேதி மட்டும் கொஞ்சம் அழுத்தமாக எழுதியிருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன். உங்கள் வீட்டு ஐயாவை அடக்கம் செய்த நாள் என்றீர்கள். அன்றைக்கு இதை முழுவதும் நம்ப முடிந்ததா என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. நீங்கள் கோபப்படவில்லை. "எங்கே நம்ப முடிந்தது? தேதி மட்டும் போட்டேன். அது பாட்டுக்கு அங்கே இருந்தது" என்றீர்கள்.

அது பாட்டுக்கு அங்கே இருந்தது. என் நிச்சயம் என் மனநிலையில் இருக்கிறது என்று நம்பி, காலையில் எழுந்ததும் நாடி பிடிப்பதுபோல் உள்ளத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். நான் தொடாதபோதும் எழுதியது எழுதியபடி இருக்கிறது என்பதை எந்தப் பிரசங்கத்திலும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. அன்றைக்கு உங்கள் பென்சிலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேதாகமக் கல்லூரியில் படிக்கும் தம்பிக்கு ஒரு நன்றி. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்கிற யோவான் 6:37-இல், மூல கிரேக்கத்தில் இல்லை என்பதற்கான இரண்டு சொற்கள் சேர்ந்து வருகின்றன என்று காட்டினான். ஒருபோதும், எவ்விதத்திலும் மாட்டேன் என்று அடித்துச் சொல்வது அது. இதே வசனத்துக்காக, மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பனியன் பிசாசோடு இழுபறி நடத்தினார், ஒரு முனையை அவன் இழுக்க மறு முனையை இவர் இழுத்தார் என்பதையும் அவன்தான் சொன்னான். 1666-இல் வெளிவந்த தன் சாட்சியில் பனியனே எழுதியிருக்கிறாராம், அதுவும் சிறையிலிருந்து. அவரை வாட்டியதும் ஏசாவைப் பற்றிய அதே வசனம். முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. புதிய நோயில்லை என்று தெரிவதே எனக்குப் பாதி மருந்தாக இருந்தது.

மருந்து என்றதும் மருத்துவரைச் சொல்ல வேண்டும். தூக்கமில்லாமல் நான் நடமாடுவதைக் கண்டு அவரிடம் அனுப்பியவர் போதகர். இது விசுவாசக் குறைவு ஆகாதா என்று தயங்கினேன். சூரைச்செடியின்கீழ் சாகவேண்டுமென்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் என்ன கொடுத்தான் என்று போதகர் கேட்டார். அடையும் தண்ணீரும், இரண்டு முறை. இடையில் தூக்கம். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் பிறகு. நான் மருத்துவரிடம் போனேன், தூங்கினேன். அதன்பின் வாசித்த வசனங்கள் வசனங்களாகக் காதில் விழுந்தன.

பெயர் தெரியாத ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். 42-ஆம் சங்கீதத்தில் "ஏன் எனக்குள் தியங்குகிறாய்?" என்று தமிழில் எழுதினவர் யாரோ, அவருக்கு. கலங்குவதற்கும் தியங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அனுபவித்தவனுக்குத் தெரியும். கலக்கம் வெளியே தெரியும், தியக்கம் தெரியாது. அந்தச் சங்கீதக்காரன் தன் உள்ளம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிராமல், அதை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறான். நானும் அதைக் கற்றுக்கொண்டேன், கொஞ்சம் தாமதமாக.

கடைசியாக என் மனைவிக்கு. சபையின் முன்னால் நன்றி சொன்னால் உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். நான் வாசிக்க முடியாத இரவுகளில் நீ எனக்காக வாசித்தாய். அர்த்தம் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை, வரிசைப்படி சங்கீதங்களை மட்டும் வாசித்தாய். 88-ஆம் சங்கீதம் வந்த இரவில், எபிரெயத்தில் இருள் என்கிற சொல்லோடே முடிகிற அந்தச் சங்கீதத்தைத் தாண்டிப் போய்விடுவாய் என்று நினைத்தேன். தாண்டவில்லை. அப்படி ஒரு ஜெபமும் வேதத்துக்குள் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். விசுவாசம் கேள்வியினாலே, அதாவது காதால் கேட்பதினாலே, வரும் என்று பவுல் எழுதியதை, உன் குரல் கரகரத்துப்போன அந்த இரவுகளிலிருந்துதான் நான் புரிந்துவைத்திருக்கிறேன்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா என்று சிலர் கேட்பீர்கள். வறண்ட நாட்கள் இன்னும் வருகின்றன. போன வாரமும் ஒன்று வந்தது. அன்று எபிரெயர் 6-ஐத் திறந்து, ஒன்பதாம் வசனத்தின் ஓரத்தில் தேதி போட்டேன். மூன்றாவது தேதி அது.

அம்மா, பென்சில் குட்டையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒன்று வாங்கி வருகிறேன். இதை நான் வைத்துக்கொள்ளலாமா?

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்