சினை ஆடும் விதைக் கடலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விதைக்கும் முன் விதையில் மருந்து கலக்கும் விதைநேர்த்தி குறித்த தங்கள் செய்தி, கிலோ விதைக்கு 2 கிராம் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி என்று அளவைச் சொன்னது. மிஞ்சிய விதையை என்ன செய்வது என்று சொல்லவில்லை. சினை விலங்கு தின்றால் பூஞ்சைக்கொல்லியின் கேடு தாயோடு நிற்பதில்லை, வயிற்றுக் குட்டியையும் தாக்கலாம். வின்குளோசோலின் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லி கொடுக்கப்பட்ட சினை எலிகள் ஈன்ற ஆண் குட்டிகளின் தோலில், இயல்பாக மறைய வேண்டிய முலைக்காம்புகள் மறையாமல் நின்றன. கார்பென்டசிமும் எலிக் கருவில் ஊனம் உண்டாக்கியது ஆய்வுகளில் தெரிந்ததே.

சென்ற ஆடிப் பட்டத்தில், எங்கள் திண்ணையில் முறத்தோடு கிடந்த, வெள்ளைத் தூள் படிந்த நிலக்கடலை விதையை அண்டை வீட்டுச் சினை ஆடு மென்றுகொண்டிருந்தது. விரட்டியது நான்தான், வைத்ததும் நான்தான். மிச்ச விதையைக் கால்நடைக்கு எட்டாமல் ஆழப் புதைக்கச் சொல்லும் தமிழ்த் துண்டறிக்கையை, மருந்துப் பொட்டலத்தோடு வேளாண் விரிவாக்க மையங்கள் கட்டாயம் தர வேண்டும்.

ஒரு விவசாயி, திண்டிவனம்