கோயில் கொறங்காடு: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

கோயில் மாடுகளுக்கென்று முன்னோர் விட்ட கொறங்காட்டை, அதாவது உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் காட்டை, மீட்கும் வேலை முடிந்துவிட்டது. சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டால் கட்டையிலிருந்து மறுபடி தழைத்துவிடும் என்பதால் தூரோடு தோண்டி எடுத்தோம். செலவில் பெரும்பங்கு அதற்கே போனது. கிளுவை வேலியில் பட்டுப்போன இடங்களில் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டாயிற்று. வெள்வேல மரங்களில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கோடையில் அதன் காய்தானே ஆடுமாட்டுக்குத் தீனி!

புல்லைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் வருடம் ஆடியில் தூவிய கொழுக்கட்டைப்புல் விதை முளைக்கவே இல்லை. தவறு குழுவினுடையது. புதிதாக உருவிய விதைக்கு உறக்கம் உண்டு. ஆறேழு மாதம் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். நாங்கள் உருவிய கையோடு போட்டோம், போதாததற்கு ஏரோட்டி ஆழத்தில் மூடியும்விட்டோம். மறுவருடம் பழைய விதை எடுத்தோம். மயிர் மூடிய விதை அது. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கொத்துக்கொத்தாகத்தான் விழும். ஈரமணலில் பிசறித் தூவி, மேலே முள்கொம்பை இழுத்ததோடு நிறுத்திக்கொண்டோம். ஐப்பசி மழைக்குச் சரளை மண்ணில் ஊசி ஊசியாய்ப் பச்சை கிளம்பியது. அன்று காட்டுக்குள் நின்றவர்களுக்குப் பேச்சே வரவில்லை.

தார்ப் பாலைவனத்தில் தாமன் என்று சொல்லி மாடு மேய்ப்பதும் இதே புல்லைத்தான். வேர் 2 மீட்டர் வரைகூட இறங்கும். மேலே எல்லாம் காய்ந்தாலும் தூரின் அடியில் தடித்த தண்டில் உணவைச் சேர்த்து வைத்திருக்கும். ஒரு மழைக்கே துளிர்த்துவிடும். ஒட்ட மேய்த்தால் அந்தச் சேமிப்பும் போய்த் தூர் செத்துவிடும். இளம்புல்லில் புரதம் 10 விழுக்காட்டைத் தாண்டும், முற்றிக் காய்ந்தால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனாலும் நின்றபடி காய்ந்த புல்தான் மாசி, பங்குனியில் காங்கேயம் மாட்டின் வயிற்றை நிரப்புகிறது. தூருக்கு நடுவே, மாட்டுக்குத் தீவனமாகும் நரிப்பயறுக் கொடியும் தானாகவே படர ஆரம்பித்திருக்கிறது. அதைக் களையென்று யாரும் பிடுங்க வேண்டாம்.

முதல் விதை உதிரும்வரை வேலியின் படலை (கதவை) நாங்கள் திறக்கவில்லை. அதனால் சிலருக்கு வருத்தம் என்பது தெரியும். இனி மாடுகளை விடலாம், 10 செ.மீ. தூர் மிஞ்சும்போதே அடுத்த காட்டுக்கு மாற்றிவிட வேண்டும். கன்றுக்குட்டி ஒன்றுதானே என்று படலைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வரவு செலவு ஏடு கோயிலில் இருக்கிறது. உறுப்பினர்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

திருப்பணிக் குழு