சூப்பரைக் குறைக்காதீர்கள்: நம் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

சிட்னியிலும் மெல்பனிலும் கடை, உணவகம், துப்புரவு ஒப்பந்தம், ஐடி நிறுவனம் என்று தொழில் நடத்தும் நம் முதலாளிமாருக்கும், அவர்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம்.

ஊழியர் தன் சம்பளத்தில் ஒரு பங்கை வரிக்கு முன்பே சூப்பரில், அதாவது ஓய்வுக்கால நிதியில், போட்டாலும் (இதுதான் சாலரி சாக்ரிஃபைஸ்), முதலாளி முழுச் சம்பளத்துக்கும் சூப்பர் கட்ட வேண்டும் என்று சட்டம் மாறியது 2020 ஜனவரி 1இல். தெரியாது என்று சொல்ல இத்தனை வருடம் கழித்து யாருக்கும் வாய் வராது. ஆனாலும் சாலரி சாக்ரிஃபைஸ் செய்கிறவர்களின் பேஸ்லிப்பில், முதலாளி கட்ட வேண்டிய சூப்பர் இன்னமும் குறைந்த சம்பளத்துக்கே போடப்படுகிறது. கேட்டால், "எல்லாம் உங்க சூப்பருக்குத்தானே போகுது" என்று பதில் வருகிறது. அந்தப் பதில்தான் எங்களை இந்த மடலை எழுத வைத்தது.

ஆண்டுச் சம்பளம் 80,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10,000ஐ வரிக்கு முன்பே சூப்பரில் போடும்படி ஊழியர் எழுதிக் கொடுக்கிறார். 2025 ஜூலை 1 முதல் கட்டாய விகிதம் 12 சதவீதம். நீங்கள் கட்ட வேண்டியது முழு 80,000க்கு, அதாவது 9,600. அவருடைய 10,000மும் சேர்ந்தால் 19,600. வரிச்சலுகையோடு சூப்பரில் போடக்கூடிய 2025-26 வருட வரம்பான 30,000க்குள் தாராளமாக அடங்கும். நீங்கள் கட்டுவதோ 70,000க்கு 8,400. இரண்டு வாரச் சம்பளத்தில் பார்த்தால், 369.23 வர வேண்டிய இடத்தில் 323.08 வருகிறது. சின்னத் தொகை என்பதால் பேஸ்லிப்பில் யார் கண்ணிலும் படுவதில்லை. வருடக் கடைசியில் 1,200 டாலர் குறைந்திருக்கும்.

இது அந்த ஊழியருக்கு என்ன செய்கிறது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். அந்த 10,000ஐக் கையில் வாங்கியிருந்தால் 30 சதவீத வரியும் 2 சதவீத மெடிகேர் என்ற மருத்துவ வரியும் போக, 3,200 இழந்திருப்பார். சூப்பருக்குள் 15 சதவீதம்தான், அதாவது 1,500. ஆக அவருக்கு மிச்சம் 1,700. இதற்காகத்தான் 60 வயது வரை தொட முடியாத இடத்தில் பணத்தைக் கொண்டுபோய் வைக்கிறார்; வீட்டுக் கடன் தவணையையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் குறைந்த கைச்சம்பளத்தில் சமாளிக்கிறார். நீங்கள் கட்டாமல் விட்ட 1,200, சூப்பர் வரி போக 1,020. அவர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த ஆதாயத்தில் பத்தில் ஆறு பங்கு சத்தமில்லாமல் உங்கள் கணக்கில் தங்கிவிட்டது. முழுச் சம்பளத்துக்கும் சூப்பர் கட்டுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. வேறொன்றும் இல்லை.

ஊழியரின் 10,000ஐயே தங்கள் பங்காகக் காட்டி, தாங்கள் ஒரு சதமும் கட்டாதவர்களும் இருக்கிறார்கள். 2020க்கு முன் சட்டமே அதற்கு இடம் கொடுத்தது. சாக்ரிஃபைஸ் செய்த பணம் சட்டத்தின் கண்ணில் முதலாளி செலுத்திய பணம் என்பதால் வந்த ஓட்டை அது. அடைத்தாகிவிட்டது.

பெரும்பாலும் தவறு நடப்பது சம்பள மென்பொருளின் ஒரு சின்னக் கட்டத்தில். பிடித்தத்தை அமைக்கும் பக்கத்தில், இது வரியைக் குறைக்குமா, சூப்பரையும் குறைக்குமா என்று தனித்தனியே டிக் கேட்கும். முதலாவதற்கு டிக் வேண்டும், இரண்டாவதற்குக் கூடாது. பழைய ஊழியரின் அமைப்பை அப்படியே நகல் எடுத்தால் பழைய டிக்கும் கூடவே வந்துவிடும். பேஸ்லிப்பிலும் சாக்ரிஃபைஸ் தொகையையும் உங்கள் பங்கையும் ஒரே வரியில் கொட்டாதீர்கள். சாக்ரிஃபைஸ் தொகையை ஏடிஓ என்ற ஆஸ்திரேலிய வரி அலுவலகத்துக்குத் தனியாகக் காட்ட வேண்டும். இரண்டும் கலந்தால் உங்கள் பங்கு எவ்வளவு என்று அவரால் கண்டுபிடிக்கவே முடியாது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சூப்பருக்குப் போகும் பணத்துக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. கார் லீஸுக்காகச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தவருக்கு, குறைந்த சம்பளத்துக்கு மட்டும் சூப்பர் கட்டினால் சட்டம் உங்களைப் பிடிக்காது. அதை லீஸில் கையெழுத்து வாங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதலாளியின் பங்கையும் உள்ளடக்கி "சூப்பர் உட்பட" ஒரே தொகையாகச் சம்பளம் பேசுகிறவர்களைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்த மடல் முடியாது. 2021 ஜூன் வரை 9.5 சதவீதமாக இருந்தது அரை அரையாக ஏறி 12 ஆனபோது, அந்த உயர்வை ஊழியரின் கைச்சம்பளத்திலிருந்தே எடுத்தவர்கள் எத்தனை பேர்! கும்பாபிஷேகக் கல்வெட்டில் பெயர் வரும் அளவுக்கு அள்ளிக் கொடுக்கிற கை, இரண்டு வாரத்துக்கு 46 டாலர் என்றதும் ஏன் இப்படி இறுகிப்போகிறது?

சரி, கோபம் இருக்கட்டும். பணிவாகவே கேட்கிறோம். சாக்ரிஃபைஸ் செய்த ஒவ்வொருவருடைய கணக்கையும் 2020 ஜனவரியிலிருந்து காலாண்டு வாரியாக எடுத்துப் பாருங்கள். 2026 ஜூன் வரையிலான காலாண்டு எதிலாவது குறைவு இருந்தால், பணத்தை நேரே ஃபண்டில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஏடிஓவுக்கு எஸ்ஜிசி அறிக்கை, அதாவது சூப்பரைக் குறைவாகக் கட்டியதற்கான தண்டக் கட்டண அறிக்கை, தர வேண்டும். அதில் கட்டாமல் விட்ட தொகையை ஓவர்டைமையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அதோடு 10 சதவீத வட்டி, ஒரு ஊழியருக்கு ஒரு காலாண்டுக்கு 20 டாலர் கட்டணம். இந்தத் தொகைக்கு வரிக்கழிவும் கிடையாது. ஏடிஓ தேடி வருமுன் நீங்களாகச் சொன்னால் அபராதம் குறைய வாய்ப்பு உண்டு.

2026 ஜூலை 1 முதல், சம்பளம் போட்ட ஏழு வேலை நாட்களுக்குள் சூப்பர் ஃபண்டைச் சேர்ந்தாக வேண்டும் என்பது விதி. காலாண்டு முடியட்டும், பிறகு சரிபார்ப்போம் என்ற வசதி அத்தோடு போயிற்று. அந்த டிக்கை எடுக்காமல் விட்டால் ஒவ்வொரு சம்பள நாளும் ஒரு தவறு பதிவாகும்.

ஆகவே முழுச் சம்பளத்துக்கும் சூப்பர் கட்டுங்கள். சாக்ரிஃபைஸ் செய்த ஒவ்வொரு ஊழியருக்கும், அவருக்கு இதுவரை கட்டாமல் விட்டது எவ்வளவு, அது என்றைக்கு வந்து சேரும் என்பதை எழுத்தில் கொடுங்கள். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கு எழுதும் சிலர்