பாட்டியின் ஊசி, என் ஊசி

மன்னார்குடி,
வெள்ளி இரவு

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. இன்சுலின் போட ஆரம்பித்து நான்கு மாதமாகியும் உன்னிடம் சொல்லாதது என் தப்புதான். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியவன் நான்.

டாக்டர் இரண்டு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை ஒன்று மூன்றாகியும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 210-ஐ விட்டு இறங்கவில்லை. அப்பாவுக்கு ஊசி என்றால் பயம் என்று நினைத்திருப்பாய். நான் பயந்தது இராத்திரியை நினைத்து.

என் அம்மாவை, உன் பாட்டியை, நீ பார்த்ததில்லை. 1974-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து எடுத்து, மோர் போலக் கலங்கிய மருந்துக் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டி, காலையும் மாலையும் பாட்டிக்குத் தாத்தாதான் இன்சுலின் போடுவார். மாலையில் போட்டது மெல்லத் தலைதூக்கி நடுநிசியில் உச்சத்துக்குப் போகும். அந்நேரம் வயிற்றில் சோறு இருக்காது, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். சில இரவுகளில் இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் பாட்டியின் புடவை வியர்வையில் ஊறிக் கிடக்கும். என்னைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பாள். தாத்தா வெல்லம் கரைத்துக் குடிக்க வைப்பார். கால் மணி நேரம் கழித்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அந்தக் கால் மணி நேரத்தை ஐம்பது வருடமாக நான் மறக்கவில்லை.

அந்த மருந்தை மெதுவாக வேலை செய்ய வைத்தது மீனிலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதம். இன்சுலினோ மாட்டுக் கணையத்திலிருந்து வந்தது. வெங்காயம்கூடச் சேர்க்காத பாட்டிக்கு இதை யாரும் சொல்லவில்லை. வேதியியல் படித்த பிறகு எனக்குத் தெரிந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. மறைப்பது நம் வீட்டு வழக்கம் போலிருக்கிறது.

இப்போது நான் போடுவது கிளார்ஜின் என்ற இன்சுலின். 2000-ல் அனுமதி பெற்றது. தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறது. டாக்டர் மருந்து நிரப்பிய ஊசிப் பேனாவைக் கையில் கொடுத்ததும், "உருட்ட வேண்டாமா?" என்றுதான் கேட்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்த தாளை விரித்தால், முப்பது வருடம் நான் நடத்திய பாடம்! பேனாவுக்குள் அது அமிலக் கரைசல், பிஹெச் 4. தோலுக்கடியில் போனதும் உடம்பின் 7.4-ல் கரைந்திருக்க முடியாமல் வீழ்படிவாகிறது. பிறகு துளித்துளியாகக் கரைந்து, ஏறத்தாழ ஒரு நாள் முழுக்கச் சீராக இரத்தத்தில் சேர்கிறது. பெரிய உச்சம் எதுவுமில்லை. சோதனைக் குழாயில் பிள்ளைகளுக்குக் காட்டிக் காட்டி அலுத்துப்போன வீழ்படிவை இப்போது தினமும் என் தொப்பையில் நிகழ்த்துகிறேன்.

10 யூனிட்டில் தொடங்கி, டாக்டர் சொன்னபடி மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டிரண்டாகக் கூட்டி, 22-ல் நிற்கிறேன். இன்று காலை 116. இதிலும் சர்க்கரை ஒரேயடியாக இறங்கலாம். ஒருநாள் தோட்டத்தில் மண் வெட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டேன், கை நடுங்கியது. பார்த்தால் 68. இழுப்பறையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது.

உன் அம்மா முதல் வாரமே இரண்டு புதுப் பேனாக்களை ஃபிரீசரில் வைத்துவிட்டாள். உறைந்த இன்சுலின் எதற்கும் ஆகாது; இரண்டும் குப்பைக்குப் போயின. திறந்த பேனாவை 28 நாள் வெளியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. சித்திரையில் நம் ஊரில் அதற்கு எங்கே போவது? பெரிய மண்பானையில் ஈரமணல் பரப்பி, நடுவே சின்னப் பானையைப் புதைத்து, அதற்குள் வைத்திருக்கிறாள். ஃபிரீசருக்குப் பரிகாரம்.

வாரம் ஒரே ஊசி என்று நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். ஐகோடெக். 2024-ல் உங்கள் கனடா அனுமதித்தது. 1922 ஜனவரியில் ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டதும் உன் டொரன்டோவில்தான். அந்நாள் மருந்து சில மணி நேரம்தான் தாங்கியது. தினமும் போட்டுவிட ஆளில்லாத முதியவர்களுக்கு வாராந்திர ஊசி வரம்தான். எனக்கு வேண்டாம். இன்றைக்கு வாந்தி பேதி என்றால் டாக்டரைக் கேட்டு இரவு அளவைக் குறைத்துவிடலாம். ஒரு வாரத்துக்கு உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியுமா? இரண்டு மணி இராத்திரியைப் பார்த்தவன் புத்தி இப்படித்தான் போகும்.

மணி ஒன்பதரை. பேனாவில் ஊசியை மாட்டிக்கொண்டு அம்மா கூப்பிடுகிறாள். நேற்று இடப்பக்கம், இன்று வலப்பக்கம். ஒரே இடத்தில் குத்தினால் தடித்துக் கட்டிக்கொள்ளும், மருந்தும் சரியாகச் சேராது.

இனிக் காலைச் சர்க்கரையை நானே உனக்கு அனுப்புகிறேன். அம்மாவைத் துருவாதே.

அன்புடன்,
அப்பா