எங்கள் பிள்ளைகளின் நோட்டுக்குப் பதில் எழுதுங்கள்

காவிரி டெல்டாவின் வேளாண் ஆராய்ச்சி நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் பணியாற்றும் விஞ்ஞானிகளுக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். வேதாரண்யம் பக்கம் ஒரு கடைமடைக் கிராமத்தின் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வருடமாக ஊர்த் தண்ணீரில் உப்பை அளந்து வருகிறார்கள். கடற்கரையிலிருந்து ஊருக்குள் வரும் வழியில் பத்து அடிபம்புகள், இரண்டு குளங்கள், வடிகால் வாய்க்காலில் ஓர் இடம். மாதம் இரண்டு முறை.

இதைத் தொடங்கி வைத்தது ஒரு மாணவியின் கேள்வி. "எங்க அப்பாயி இந்தப் பம்புத் தண்ணியத்தான் குடிச்சாங்களாம். எப்போலேருந்து சார் உப்பு ஏறுச்சு?" ஊரில் விசாரித்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகுதான் என்றார்கள் சிலர். அதற்கும் பல வருடம் முன்பே என்றார்கள் வேறு சிலர். யாரும் எழுதி வைக்கவில்லை. சரி, இனிமேலாவது எழுதி வைப்போம் என்று ஒரு நீள நோட்டு வாங்கினோம்.

முதல் வருடம் எங்களிடம் இரண்டு டிடிஎஸ் மீட்டர்கள் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவிகள்) இருந்தன. ஒன்று நான் வாங்கியது, இன்னொன்று ஒரு பெற்றோர் கொடுத்தது. பிள்ளைகள் இரண்டு குழுவாகப் பிரிந்து போனார்கள். நான்கு மாதம் கழித்து ஒரே பம்பில் இரண்டையும் வைத்துப் பார்த்தபோது ஒன்று 900 காட்டியது, இன்னொன்று 1260. "எது சார் சரி?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியோடு ஓர் ஆய்வகத்துக்குப் போனோம். பள்ளிப் பிள்ளைகளின் வேலைக்கெல்லாம் நேரமில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நானாகத் தேடிப் படித்துத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். இந்த மீட்டர்கள் உப்பை நேராக அளப்பதில்லை. தண்ணீரின் மின்கடத்துத்திறனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகின்றன. ஒரு மீட்டர் 0.5-ஆல் பெருக்கியது, மற்றது 0.7-ஆல். இரண்டும் தன்னளவில் சரிதான். ஆனால் எந்த நாளில் எந்த மீட்டரைக் கொண்டு அளந்தோம் என்று நாங்கள் குறிக்கவே இல்லை. நான்கு மாத அளவுகளையும் ஒதுக்கி வைத்தோம். வெயிலில் சைக்கிள் மிதித்து எடுத்த அளவுகள். இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். உங்களில் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பீர்கள்.

அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுக்க ஏற்பாடுகளே இல்லை என்று சொல்லமாட்டேன். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. என்னைப் போன்ற பல ஆசிரியர்களை வழிகாட்டிகளாக்கியதே அதுதான். 2022-இல் வந்த தமிழக அரசின் வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சோதனைகளை வகுப்பறைக்கே கொண்டு வந்தது. ஆனால் பொதுவாகக் கண்காட்சி என்றால் ஒரு நாள் வேலை, ஒரு மாடல், ஒரு சான்றிதழ். ஒரு கண்காட்சியில் எங்கள் நோட்டைப் புரட்டிய நடுவர், "இதுக்குத் தீர்வு என்ன?" என்று கேட்டார். கடல்நீர் உட்புகுவதற்குப் பதிமூன்று வயதுப் பெண் என்ன தீர்வு சொல்வாள்? ஒழுங்காக அளந்து, விடாமல் எழுதுவதே அந்த வயதுக்குப் பெரிய வேலை. கடைமடையில் பருவநிலை மாற்றத்தைப் பேச அந்த அளவுகள்தானே முதலில் வேண்டும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. அளவு முன்னுக்குப் பின் முரணாக வந்தால், "தப்பா வந்துருச்சு சார்" என்று ரப்பரால் அழித்துவிடுவார்கள். அழிக்காதே, ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் காரணம் எழுது என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அதையே ஓர் ஆராய்ச்சியாளர் தன் நோட்டைத் திறந்து, தான் அடித்தெழுதிய பக்கத்தைக் காட்டிச் சொன்னால் அவர்கள் வாழ்நாளில் மறக்கமாட்டார்கள்.

நான் கேட்பது பெரிய உதவி இல்லை. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 0.746 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்தால், 25 டிகிரி செல்சியஸில் அதன் மின்கடத்துத்திறன் 1413 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. இருக்கும். மீட்டரைச் சரிபார்க்க அது போதும். அத்தனை நுட்பமான தராசு எங்கள் பள்ளியில் இல்லை, உங்களிடம் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை அந்தக் கரைசல் ஒரு பாட்டில் கொடுங்கள். அப்புறம், வருடம் ஒருமுறை எங்கள் நோட்டைப் படித்து, எது நம்பும்படி இருக்கிறது, எது இல்லை என்று தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் 3 டெசிசீமன்ஸ்/மீ. அளவைத் தாண்டினாலே நெல் மகசூல் இறங்கத் தொடங்கும் என்று படித்துவிட்டு, அதைப் பம்புத் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பலகையில் எழுதிவிட்டேன். அது வயல் மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் சாற்றுக்கான அளவு என்பது பிறகுதான் புரிந்தது. இப்படி நான் தவறும் இடத்தில் திருத்த ஆள் வேண்டும்.

பத்தாம் வகுப்புக்குப் போனதும் பொதுத்தேர்வு என்று பிள்ளைகள் விலகிவிடுவார்கள். நானும் ஒருநாள் மாறுதலில் போய்விடுவேன். அதனால் நோட்டின் ஒரு பிரதியை உங்கள் நூலகத்தில் வையுங்கள். அந்த அளவுகளை உங்கள் கட்டுரையில் எப்போதாவது பயன்படுத்தினால் பிள்ளைகளின் பங்கையும் அதில் எழுதுங்கள்.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி 1922-இல் தொடங்கியது. அங்கே உருவான ரகங்களை எங்கள் பிள்ளைகள் வீட்டு வயலில் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனால் அந்த நெல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்த ஒருவரைக்கூட அவர்கள் நேரில் பார்த்ததில்லை.

நீங்கள் இங்கே வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள். இரண்டு மீட்டர்களையும் மூன்று வருட நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு முதல் பேருந்துக்கே கிளம்பி வந்துவிடுகிறோம். ஒதுக்கி வைத்த அந்த நான்கு மாதப் பக்கங்களையும் கொண்டு வருகிறோம். அவற்றிலிருந்து எதையாவது மீட்க முடியுமா என்று பிள்ளைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
ஓர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்,
வேதாரண்யம் வட்டம்