உயரம் எதிலிருந்து அளக்கப்பட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

டிரோன், லைடார் (லேசர் ஒளியால் தொலைவு அளக்கும் முறை), செயற்கைக்கோள் வழி நில அளவை பற்றிய செய்திகளில் ‘சென்டிமீட்டர் துல்லியம்’ என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. அது வெறும் விளம்பரமன்று. அடிப்படை நிலையம் ஒன்றிலிருந்து நொடிக்கு நொடி திருத்தம் பெறும் ஆர்.டி.கே. முறையில், திறந்தவெளியில், ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் ஒரு புள்ளியைக் குறித்துவிடலாம். ஆனால் அந்த அளவு எதைச் சார்ந்தது என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை என்பதே என் கவலை.

செயற்கைக்கோள் கருவி காட்டுவது, பூமிக்கு ஒப்பாகக் கணக்கிட்டு வரையறுத்த நீள்கோளப் பரப்பிலிருந்து உயரம். நீர் எத்திசையில் ஓடும் என்பதைத் தீர்மானிப்பதோ ஈர்ப்புவிசையையும் கடல்மட்டத்தையும் ஒட்டிய உயரம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உலகின் சில பகுதிகளில் 100 மீட்டரை எட்டுகிறது.

ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே, லாஃபன்பர்க்கில் ரைன் ஆற்றுப் பாலம் கட்டப்பட்டபோது, ஒரு நாடு வடகடலையும் மற்றொன்று மத்தியதரைக் கடலையும் அடிப்படையாகக் கொண்டிருந்ததால் எழும் 27 சென்டிமீட்டர் வேறுபாடு பொறியாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் திருத்தத்தில் கூட்டல் கழித்தல் குறி மாறிப்போனதால், 2003-இல் இரு கரைகளும் 54 சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வோடு நின்றன. அளவீட்டில் பிழையே இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

நிலமும் அசைகிறது. ஆஸ்திரேலியா ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் நகர்வதால், அந்நாடு வரைபடத்தில் இடங்களைக் குறிக்கும் தன் ஆயத்தொலைவுகளை ஏறத்தாழ 1.8 மீட்டர் மாற்றியமைக்க நேர்ந்தது.

ஆகவே வரைபடத் தரவை வெளியிடுவோர், எதிலிருந்து அளந்தது என்பதைச் சொல்லும் ஆதாரத் தளத்தையும் அளந்த தேதியையும் ஒவ்வொரு கோப்பிலும் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நில அளவையாளர் ஒருவர்