அத்தை, கொன்றது யார்?

அன்புள்ள அத்தைக்கு,

நலம். கால் கட்டை இன்னும் பத்து நாளில் பிரித்துவிடுவார்களாம். இதைப் போனில் சொல்லாமல் ஊரே படிக்கிற மாதிரி ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். போன் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே "அது அப்படி இல்லடி" என்று குறுக்கே வருவீர்கள். எழுத்தில் அது முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து பார்சல் என்றதும் இங்கே எல்லோரும் வெற்றிலை, காபிப் பொடி என்று கற்பனை செய்துகொண்டிருந்தார்கள். பிரித்தால் அந்துருண்டை வாசனையோடு பதினாறு பைண்டு புத்தகங்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து, தைத்து, காலிகோ முதுகு ஒட்டி, அதன் மேல் இங்க் பேனாவால் பெயர் எழுதி வைத்த உங்கள் சொத்து. கதைக்கு நடுவே பற்பொடி விளம்பரமும் தலைவலித் தைல விளம்பரமும் அப்படியே இருக்கின்றன. ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்க முடியாதவளுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் யாரும் செய்ய முடியாது.

முதல் வாரம் வலி அதிகம். அதனால் அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும்தான் எடுத்தேன். பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தின் தலைவி ஆங்கிலத்தில் அதட்ட, தாத்தா ரசகுண்டுவோடு சேர்ந்து அடுத்த அசட்டுத் திட்டம் போடுகிறார். பாக்கியம் ராமசாமி என்ற பெயரே அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து ஜ.ரா. சுந்தரேசன் வைத்துக்கொண்டது என்று நீங்கள்தான் முன்பு சொன்னீர்கள். சிரித்தால் கால் அதிர்கிறது, கால் அதிர்ந்தால் வலிக்கிறது. நாலு நாளில் நிறுத்திவிட்டு சாம்புவுக்குப் போனேன்.

சாம்புவை விகடனில் தேவன் எழுத ஆரம்பித்தது 1942. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து பட்டணமே மூட்டை கட்டிய வருஷம். அந்த நேரத்தில் ஒரு அசட்டு பாங்கு குமாஸ்தா வேலை போய், துப்பறிகிறவனாகி, தெரியாத்தனமாகக் கால் இடறி விழுந்த இடத்தில் திருடன் அகப்படுகிறான். இன்ஸ்பெக்டர் கோபாலன் முதல் ஊர் முழுக்க அவனை மகா மேதை என்கிறது. சரி, ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: பத்துக் கதைகளை ஒரே மூச்சில் படித்தால் அலுக்கிறது. தந்திரம் ஒன்றுதான், வேஷம்தான் மாறுகிறது. வாரத்துக்கு ஒன்றாகப் படிக்க எழுதியதை நான் வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டது என் தப்பு.

அப்புறம்தான் உங்கள் பென்சிலைப் பார்த்தேன்.

கொலைக்கதை பைண்டுகளில் ஒவ்வொரு வாரப் பகுதியின் அடியிலும் குறித்திருக்கிறீர்கள். "டிரைவர்." அடுத்த வாரம் அதை அடித்து, "மைத்துனி, சந்தேகமே இல்லை." அதற்கடுத்த வாரம் அதுவும் அடிபட்டு, "டாக்டர்?" கேள்விக்குறியோடு. நான் மூன்று ராத்திரியில் முடித்த கதையை நீங்கள் மாதக்கணக்கில், அரிசி களையும்போதும் காவிரிப் படித்துறையில் துணி துவைக்கும்போதும் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகப்பட நேரமே இருக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினால் பதில். பாக்கெட் நாவல்களும் அப்படித்தான். விவேக்கும் ரூபலாவும், பரத்தும் சுசீலாவும் சென்னை–திருச்சி ரயிலுக்குள் வழக்கை முடித்து வைத்துவிடுவார்கள். அந்த வேகம் எனக்குப் பிடிக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் இறங்கினதும் கொலையாளி பெயர் மறந்துபோகிறது.

கடல் புறாவைப் பற்றிச் சுருக்கமாக: கப்பல் வரும் இடமெல்லாம் பிரமாதம். காஞ்சனாதேவியை வர்ணிக்க ஆரம்பித்தால் கப்பலே நங்கூரம் போட்டுவிடுகிறது. இரண்டாம் பாகத்தின் நடுவில் தூங்கிவிட்டேன். மன்னிக்கவும், நீங்கள் சாண்டில்யன் கட்சி என்று தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் பத்தாவது படிக்கும்போது பொன்னியின் செல்வனை ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிட்டுப் பெருமையாக உங்களிடம் வந்தேன். நீங்கள் உளுந்து அரைத்துக்கொண்டே, "அப்படியா, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் சொல்லு?" என்றீர்கள். "ரவிதாசன் கும்பல்" என்றேன். சிரித்தீர்கள். பதில் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு இத்தனை வருஷமாக உறுத்துகிறது.

இந்த முறை கல்கியைச் சரித்திரக் கதையாகப் படிக்கவில்லை. உங்கள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கொலைக்கதையாகப் படித்தேன். கடம்பூர் மாளிகை, நந்தினியின் அறை, விளக்கு அணைந்த இருட்டு. யார் கை என்று நாமும் பார்க்கவில்லை. பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. பிறகு பெரிய பழுவேட்டரையர் அதைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அவர் சொல்வது உண்மையா, ஒரு பையனைக் காப்பாற்றச் சொல்வதா? 1950 முதல் 1954 வரை வாராவாரம் காத்திருந்தவர்களுக்குக் கல்கி கடைசியில் கைகாட்டியது ஒரு முடிச்சைத்தான். இவ்வளவு பேர் வீட்டில் இருக்கும் புத்தகம், கொலைகாரன் யார் என்று தெளிவாகச் சொல்லாத கொலைக்கதை. யோசித்துப் பார்த்தால் பெரிய துணிச்சல்தான்.

அவர் ஏன் சொல்லவில்லை என்று தேடப் போய் உடையார்குடிக் கல்வெட்டில் மாட்டிக்கொண்டேன். காட்டுமன்னார்கோவில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறதே, அதுதான். ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு. சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், இன்னொரு தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர் பெயராக வருகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆக நான் பத்தாவதில் சொன்னது சரிதானே என்று ஒரு நிமிஷம் துள்ளினேன்.

அப்புறம் மறுபடி படித்தேன். அது தீர்ப்பு இல்லை, அத்தை. சொத்து ஓலை. துரோகிகளின் நிலத்தையும், அவர்களுடைய மாமன்மார், அவர்கள் வீட்டில் பெண் கட்டியவர்கள் வரைக்குமான சொத்தையும் என்ன செய்வது என்று வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த உத்தரவு. எங்கே கொன்றார்கள், எதற்காக, யார் ஏவினார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. பட்டப்பெயர்களைக் கவனியுங்கள். பிரமாதிராஜன் என்பது பெரிய அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பட்டம். ரவிதாசன் பெயரில் பாண்டியனைக் குறிக்கும் பஞ்சவன், பரமேசுவரன் பெயரில் சோழன். இவர்கள் காட்டில் ஒளிந்த சதிகாரர்களா, அரண்மனைக்குள்ளேயே நடமாடியவர்களா? கொலை நடந்ததற்கும் இந்த ஓலைக்கும் நடுவே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்தக் காலத்தில் பெரும்பகுதி சிங்காதனத்தில் உத்தம சோழன்.

சரித்திர ஆசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரிக்கு அவன் மேல் சந்தேகம். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. அவர் உங்கள் ஊர்க்காரர் மாதிரிதான், திருப்புறம்பியத்தில் பிறந்து பாணாதுறைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். நானும் பண்டாரத்தார் பக்கம்தான். அண்ணனைக் கொல்லச் சொன்னவனின் பிள்ளையை நம்பி ராஜராஜன் கோயில் கணக்குகளை விசாரிக்க அனுப்பியிருப்பானா? உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் அந்த வேலையைத்தான் பார்த்தான். ஆனால் அரசியலில் எதிரி வீட்டுப் பிள்ளையைக் கண்ணெதிரே வைத்துக்கொள்வதும் உண்டு என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். அதுவும் சரிதான்.

இதில் எனக்குத் தூக்கம் போனது வேறொன்றால். கதையின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது வீராணம் ஏரிக்கரை. ஆடிப் பெருக்கு, சித்திரான்னம், பெண்கள் பாட்டு. வீராணத்துப் பக்கத்திலேயே காட்டுமன்னார்கோவில், அதுதான் அந்த வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். கடம்பூரும் அருகில்தான். கொலைகாரர்கள் பெயர் கல்லில் நிற்கிற ஊரின் வாசலில்தான் கல்கி கதையைத் தொடங்கியிருக்கிறார். முதல் பக்கத்திலேயே துப்பைப் போட்டுவிட்டு, நாம் புதுவெள்ளத்தை வேடிக்கை பார்க்கிறோமா என்று கவனித்திருக்கிறார் மனுஷர்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். தமிழில் முதல் துப்பறியும் கதை என்று பலர் சொல்கிற தானவன் கதை வந்தது 1894. எழுதிய நடேச சாஸ்திரி தொல்லியல் துறையில் ராபர்ட் சிவெல் கீழே கல்வெட்டு படித்துக்கொண்டிருந்தவர். அவரே தலையணை மந்திரோபதேசம் என்று ஒரு பெண்டாட்டி புருஷன் சிரிப்புக் கதையும் எழுதியிருக்கிறார். "மர்மக் கதை, ராஜா ராணி, சிரிப்பு, எல்லாம் பொழுதுபோக்குக் குப்பை" என்று உங்கள் பைண்டுகளைப் பார்த்துச் சொல்லும் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். கல்லைப் படித்தவருக்கும் கதையை முடிச்சுப் போட்டவருக்கும் ஒரே கண்ணாடிதான் மூக்கில்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: கத்தி பிடித்த பெயர்கள் தெரியும், கை தெரியாது. இப்போதும் சிரிப்பீர்களா?

கட்டுப் பிரித்ததும் கும்பகோணம் வருகிறேன். அங்கிருந்து இரண்டு பேருமாகக் காட்டுமன்னார்கோவில் பஸ் ஏறிப் போய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வரலாம். எனக்கு அந்த எழுத்து ஒன்றும் புரியாது, இருந்தாலும்.

பைண்டுகளை வியாழக்கிழமை அனுப்புகிறேன். பச்சை அட்டை பைண்டில் கடைசி வாரம் இல்லை. கிழிந்ததா, அந்த வாரம் பத்திரிகையே வாங்கவில்லையா தெரியாது. அதற்கு முந்தின வாரத்தின் அடியில் "கணக்குப்பிள்ளை" என்று எழுதி, அடிக்காமல் விட்டிருக்கிறீர்கள். அதன் கீழே "இல்லை, அவன் அக்கா" என்று நான் எழுதியிருக்கிறேன். பென்சிலால்தான்.

அன்புடன்,
உங்கள் மருமகள்